நகராட்சியில் நிதி இல்லை என்று சொல்லும்போது

"2022-இல் சொத்து வரியை உயர்த்தினீர்கள். அதன் பிறகும் ஏறிக்கொண்டே இருக்கிறது. எங்கள் தெருவுக்குச் சாலை கேட்டால் மட்டும் நகராட்சியில் நிதி இல்லை என்கிறீர்கள். எங்கள் பணம் எங்கே போகிறது? கணக்கை ஏன் காட்டுவதில்லை? கவுன்சிலரான உங்களுக்காவது அது தெரியுமா?" என்று என் வார்டுத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். தேநீர்க் கடையில் நின்றபடி இதற்குப் பதில் சொன்னால் பாதியில் கட்சிச் சண்டையாகிவிடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முழுதாகத் தெரியாது. ஓரளவு தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு பதவிக்காலம் பிடித்தது. 2011-இல் முதன்முறை ஜெயித்து வந்தபோது பட்ஜெட் கூட்டத்தில் நான் செய்த வேலை ஒன்றுதான். பக்கங்களைப் புரட்டி என் வார்டு எண் எங்கே வருகிறது என்று தேடுவேன். வந்திருந்தால் மேசையைத் தட்டுவேன். வராவிட்டால் எழுந்து கத்துவேன். இரண்டுக்கும் நடுவில் வாசிக்கப்பட்ட எண்கள் எதுவும் காதில் ஏறியதில்லை. பக்கத்து இருக்கைக்காரருக்கும் அப்படித்தான். கூட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் ஒரு பை, அதில் ஒரு நாட்குறிப்பேடு, ஓர் இனிப்புப் பெட்டி. பட்ஜெட் புத்தகத்தை அந்தப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனதோடு சரி.

மன்றத்துக்கு வரும் அஜெண்டாவைப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு பொருளும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். இன்ன தெருவில் இன்ன பணிக்கு இவ்வளவு ரூபாயில் மதிப்பீடு தயாரிக்கப்பட்டுள்ளது, மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது. அதன்கீழ் 'அலுவலகக் குறிப்பு: அனுமதிக்கலாம்'. இப்படி அறுபது, எழுபது பொருள்கள். கூட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் ஒருவர் எழுந்து, ஒன்று முதல் எழுபது வரை எல்லாப் பொருள்களையும் நிறைவேற்றலாம் என்பார். மேசைகள் தட்டப்படும். முடிந்தது. அதற்குமேல் கூட்ட அறையிலேயே கையில் தரப்படும் அவசரப் பொருள்கள் தனி. அவற்றில் பாதிக்குமேல் ஏற்கெனவே செய்து முடித்த வேலைகளாக இருக்கும். 'அவசர அவசியம் கருதித் தலைவரின் முன் அனுமதி பெற்றுச் செய்யப்பட்ட பணிக்கு மன்றத்தின் பின்னேற்பு' என்று எழுதியிருக்கும். வாய்க்கால் உடைப்பு, குடிநீர்க் குழாய் உடைப்பு போன்றவற்றுக்கு அது தேவைதான். நடு இரவில் குழாய் உடைந்தால் மன்றத்தைக் கூட்டிக்கொண்டிருக்க முடியாது. பேருந்து நிலையத்துக்கு வண்ணம் பூசுவதில் என்ன அவசரம் என்று கேட்டவன் நான். பூசியாகிவிட்டது, இனி என்ன செய்வது என்றுதான் பதில் வந்தது.

இதை ரகசியம் என்று சொல்ல மாட்டேன். ரகசியம் என்றால் பூட்டி வைத்திருக்க வேண்டும். இங்கே எல்லாத் தாளும் கொடுக்கப்படுகிறது. படிக்க முடியாத நேரத்தில், படிக்க முடியாத அளவில், ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் கொடுக்கப்படுகிறது. நகராட்சிக் கணக்கு மறைவது பெரும்பாலும் இப்படித்தான்.

கணக்கு என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் மன்றத்தில் இருந்த ஒரு பெண் உறுப்பினர். பத்தாம் வகுப்பு வரை படித்தவர். கட்சியில் பெரிய ஆள் இல்லை. ஆனால் பல ஆண்டுகள் மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்குப் புத்தகத்தை எழுதியவர். ஒரு பட்ஜெட் கூட்டத்தில் தலைவர், நகராட்சி உபரியில் இருக்கிறது, வங்கியில் இவ்வளவு இருப்பு உள்ளது என்று பெருமையாக வாசித்து முடித்ததும் அந்த அக்கா எழுந்தார். "இந்த இருப்பில் நம்முடைய பணம் எவ்வளவு, அடுத்தவர்களுடைய பணம் எவ்வளவு?" என்று கேட்டார். அவ்வளவுதான். கணக்கர் தாளைப் புரட்டினார், மேலாளர் கணக்கரைப் பார்த்தார். அடுத்த கூட்டத்தில் சொல்கிறோம் என்று முடித்தார்கள்.

அந்தக் கேள்விக்குள் முக்கால்வாசிப் பாடம் இருக்கிறது. நகராட்சியின் வங்கிக் கணக்கில் கிடப்பதெல்லாம் நகராட்சியின் பணம் அல்ல. ஒப்பந்ததாரர் கட்டிய முன்வைப்புத் தொகை, அவருடைய பில்லில் பிடித்து வைத்த தொகை, பேருந்து நிலையக் கடைக்காரர்களின் வைப்புத் தொகை, பாதாளச் சாக்கடைக்காக வீடு வீடாக வாங்கிய வைப்புத் தொகை ஆகியவை எல்லாம் அதில் கலந்து கிடக்கின்றன. சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கும் நூலக வரி நூலகத் துறைக்குப் போக வேண்டியது. இன்ன திட்டத்துக்கு மட்டும் என்று அரசு அனுப்பிய மானியத்தை வேறு எதற்கும் தொடக்கூடாது. இவற்றையெல்லாம் கழித்தால் மிஞ்சுவதுதான் உங்கள் தெருவுக்குச் சாலை போட உதவும் பணம். பல ஊர்களில் அப்படிக் கழித்துப் பார்த்தால் ஒன்றும் மிஞ்சாது.

இத்தனைக்கும் இதைக் காட்டும் கணக்கு முறை தமிழ்நாட்டு நகராட்சிகளில் கால் நூற்றாண்டாக இருக்கிறது. வந்த ரொக்கம், போன ரொக்கம் என்று மட்டும் எழுதும் பழைய வழக்கத்தை விட்டு, கொடுக்க வேண்டிய கடனையும் வர வேண்டிய பாக்கியையும் சேர்த்து எழுதும் முறைக்கு இந்தியாவிலேயே முதலில் மாறிய மாநிலங்களில் நம்முடையது ஒன்று. அந்த முறைப்படி ஆண்டு முடிந்ததும் இருப்புநிலைக் குறிப்பு ஒன்று தயாராகிறது. எந்த ஒப்பந்ததாரருக்கு எவ்வளவு பாக்கி, மின்வாரியத்துக்கு எவ்வளவு, குடிநீர் வடிகால் வாரியத்துக்கு எவ்வளவு, கடன் தவணை எவ்வளவு என்று எல்லாம் அதில் உண்டு. மன்றத்தில் மேசை தட்டப்படுவதோ பட்ஜெட்டுக்கு. பட்ஜெட் என்பது வரப்போகும் ஆண்டைப் பற்றிய மதிப்பீடு, அதாவது ஆசை. இருப்புநிலைக் குறிப்புதான் நடந்தது. ஆசையை வாசிக்க ஒரு நாள் ஒதுக்கி, இனிப்பும் கொடுக்கிறோம். நடந்ததை வாசிக்க எவரும் நாள் குறிப்பதில்லை.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. நகராட்சிக் கணக்கு ஒரே பையில் இல்லை. நெடுங்கால வழக்கப்படி மூன்று பைகள். வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி. நீங்கள் கட்டும் சொத்து வரியே பிரிந்து இந்த மூன்றுக்கும் போகிறது. சட்டம் இப்படிப் பிரித்ததற்குக் காரணம், குடிநீருக்கு வந்த பணத்தை வேறு எதற்கும் செலவு செய்துவிடக்கூடாது என்பது. நடைமுறையில் சம்பளம் போட ஒரு பையில் பணம் இல்லாவிட்டால் மற்றொரு பையிலிருந்து கைமாற்று வாங்குவார்கள். கைமாற்று திரும்பியதா என்று கேட்க வேண்டியவர்கள் நாங்கள். பல மன்றங்களில் யாரும் கேட்பதில்லை. பள்ளிக் கட்டடம் ஒழுகும்போது கல்வி நிதியில் பணமில்லை என்பார்கள். அது எங்கே போயிற்று என்றால் பத்து ஆண்டுக்கு முந்தைய புத்தகத்தைத் தேட வேண்டும்.

சரி, பணம் எங்கிருந்து வருகிறது? சொத்து வரி, காலிமனை வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, தினசரிச் சந்தை, வாரச்சந்தைக் குத்தகை, கட்டட அனுமதிக் கட்டணம். இவை எங்கள் சொந்த வருவாய். தொழில் வரியைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 276-ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. அந்த உச்சவரம்பு வைத்தது 1988-இல். அன்று முதல் இன்று வரை அதே 2,500. அன்றைய 2,500-இல் என்ன வாங்கலாம், இன்று என்ன வாங்கலாம் என்று உங்கள் அப்பாவைக் கேளுங்கள்.

மற்றபடி பத்திரப்பதிவின்போது வசூலாகும் 2 சதவீதக் கூடுதல் தீர்வையில் பங்கு உண்டு. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை ஊரக, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் மாநில நிதி ஆணைய மானியம் உண்டு. ஒன்றிய அரசின் நிதிக்குழு மானியம் உண்டு. இதில் மாநில மானியம்தான் எங்களைப் போன்ற நகராட்சிகளுக்கு மாதச் சோறு. ஆனால் அது முழுதாகக் கைக்கு வருவதில்லை. தெருவிளக்கு மின்கட்டணம், கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கான தொகை, பழைய கடன்களின் தவணை என்று பலவற்றை மேலேயே பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் அனுப்புவார்கள். எவ்வளவு வர வேண்டும், எதற்கெதற்குப் பிடித்தார்கள், எவ்வளவு வந்தது என்று மூன்று வரியில் எழுதிவிடலாம். அந்த மூன்று வரியை மாதாமாதம் மன்றத்துக்கு வைக்கச் சொல்லி நான் கேட்கத் தொடங்கி வெகு நாளாகிறது.

15-ஆவது நிதிக்குழு மானியம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வரி ஏற்றத்தின் வேர் அங்கே இருக்கிறது. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு அந்தக் குழு நிபந்தனைகள் விதித்தது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை மாநிலம் அறிவிக்க வேண்டும், மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சியோடு ஒட்டி வசூலும் வளர வேண்டும் என்பது ஒன்று. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு வரியை உயர்த்தியபோது இதையும் ஒரு காரணமாகச் சொன்னது. சென்னைக்கு வெளியே பல ஊர்களில் 2008-க்குப் பிறகு உயர்வு நிலைக்கவில்லை. 2018-இல் உயர்த்தினார்கள், எதிர்ப்பு வந்ததும் 2019-இல் நிறுத்தி வைத்தார்கள். அத்தனை ஆண்டுத் தயக்கமும் ஒரே மூச்சில் உங்கள் தலையில் இறங்கியது. நகராட்சிகளில் 600 சதுர அடிக்குக் குறைந்த வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேலென்றால் 100 சதவீதம். ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. ஆனால் தேர்தல் வரும் ஆண்டில் வரியை ஏற்ற யாருக்கு மனம் வரும்? நான் ஆதரித்துத்தான் கை தூக்கினேன், மறைக்கவில்லை. தூக்காவிட்டால் மானியம் நிற்கும் என்று கூட்டத்தில் சொன்னார்கள். அது உண்மையும்கூட.

அதே நிதிக்குழுவின் இன்னொரு நிபந்தனையை மட்டும் யாரும் மேடையில் பேசுவதில்லை. முந்தைய ஆண்டின் தணிக்கைக்கு முந்தைய கணக்கையும், அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கை முடிந்த கணக்கையும் எவரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிட வேண்டும். வெளியிடாத உள்ளாட்சிக்கு மானியம் கிடையாது. அதனால் உங்கள் நகராட்சியின் கணக்கு ஒன்றிய அரசின் சிட்டிஃபைனான்ஸ் தளத்தில் ஏறியிருக்க வேண்டும். கணக்கைக் காட்டுவதே இல்லை என்று நீங்கள் கேட்டதற்கு இது பாதிப் பதில். காட்டுகிறார்கள், மேலே இருப்பவர்களுக்கு. மானியம் வாங்க டெல்லிக்குக் காட்டிய தாளை ஊர்க்காரனுக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதி வாசலில் ஒட்டுவதற்கு மட்டும் எந்த நிபந்தனையும் இல்லை, ஆகவே ஒட்டுவதில்லை. சென்னை போன்ற பெருநகரப் பகுதிகள் நீங்கலாக மற்ற ஊர்களுக்கு இந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும் என்று கட்டிப்போடப்பட்டது. சாலைக்குத் திருப்ப முடியாது. 'நிதி வந்திருக்கிறது, ஆனால் நிதி இல்லை' என்று ஓர் அதிகாரி சொன்னால் அவர் உளறவில்லை, இதைத்தான் சொல்கிறார்.

வசூல் எவ்வளவு என்று கேட்டால் ஒரு சதவீதம் சொல்வார்கள். அந்தச் சதவீதத்தை அப்படியே நம்ப வேண்டாம். அலுவலகத்தில் 'கேட்பு, வசூல், நிலுவை' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஓர் உதாரணம் சொல்கிறேன், எண்கள் கற்பனைதான். இந்த ஆண்டு வர வேண்டிய வரி 4 கோடி. பழைய நிலுவை 3 கோடி. ஆக மொத்தக் கேட்பு 7 கோடி. வசூலானது மூன்றரைக் கோடி. அதில் 3 கோடி இந்த ஆண்டுக்கானது, அரைக் கோடி பழையது. இப்போது மொத்த வசூலை இந்த ஆண்டுக் கேட்பால் வகுத்தால் எண்பத்தேழரை சதவீதம். இந்த ஆண்டு வசூலை மட்டும் எடுத்தால் 75. மொத்தக் கேட்பால் வகுத்தால் 50. மூன்றும் கணக்குப்படி சரி. மேடைக்கு முதல் எண் போகும், பத்திரிகைக்கு இரண்டாவது போகும், மூன்றாவது அலமாரியில் இருக்கும். நிலுவை யார் யாரிடம் என்று கேட்டால் இன்னும் சுவாரசியம். சிறிய வீட்டில் இருப்பவர் ஏப்ரலிலேயே வரிசையில் நின்று 5 சதவீதத் தள்ளுபடியோடு கட்டிவிட்டுப் போகிறார். கட்டாதவர் பட்டியலின் முதல் பக்கத்தில் திருமண மண்டபங்கள், தனியார் கல்லூரி, வழக்குப் போட்டு நிறுத்தி வைத்த வணிக வளாகம், சில நேரம் அரசு அலுவலகங்களேகூட. அந்த முதல் பக்கத்தை மன்றத்தில் வாசிக்கச் சொன்னபோது என் சொந்தக் கட்சிக்காரர்களே என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள்.

செலவுக்கு வருவோம். சம்பளம், ஓய்வூதியத்துக்கான பங்கு, துப்புரவு ஒப்பந்தம், மின்கட்டணம், குடிநீர், கடன் தவணை. இவை போன பிறகுதான் சாலை, வாய்க்கால் எல்லாம். சாலைப் பணிகள் பெரும்பாலும் மாநிலத் திட்டங்களின் பணத்தில் நடக்கின்றன. எந்தத் திட்டம், எந்தச் சாலை என்பதில் மன்றத்தின் குரலைவிட மேலே உள்ளவர்களின் குரலுக்கு எடை அதிகம். தீர்மானம் மட்டும் எங்களுடையது.

இங்கே என் சகாக்களைப் பற்றியும் பேசாவிட்டால் நான் எழுதுவதெல்லாம் பசப்பு. ஒளிவு மறைவு அதிகாரிகளுக்கு மட்டும் வசதியானது என்று நினைக்காதீர்கள். 2023 ஜூலையிலிருந்துதான் நகராட்சி உறுப்பினருக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் என்று வந்தது. அதற்கு முன் கூட்டத்துக்கு வந்தால் கிடைக்கும் படி மட்டும். தேர்தலில் லட்சங்களைச் செலவழித்தவர் இந்த 5,000-ஐ எண்ணிக்கொண்டு ஐந்து ஆண்டு இருப்பாரா? சிலர் இருக்கிறார்கள், அவர்களை எனக்குத் தெரியும். சிலருடைய மைத்துனர் பெயரில் ஒப்பந்ததாரர் பதிவு இருக்கும். பெரிய வேலையைச் சின்னச் சின்னதாகத் துண்டு போட்டு, வரம்புக்குள் கொண்டுவந்து, ஆளுக்கொன்றாகப் பிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998 முதல் இருக்கிறது. ஒப்பந்தங்கள் இப்போது இணையத்தில்தான் கோரப்படுகின்றன. சட்டம் வந்து என்ன, மூன்று பேர் போட்டி போட்டதாகக் காட்டும் மூன்று ஒப்பந்தப்புள்ளியும் ஒரே அச்சகத்தின் நாட்காட்டி தொங்கும் வீடுகளிலிருந்து வருகின்றன. மன்றத்தில் கேள்வி கேட்பவனின் வார்டுக்கு வேலை கடைசியில் வரும் என்பதும் உண்மை. உங்கள் தெருச் சாலை தள்ளிப்போனதில் என் வாய்க்கும் ஒரு பங்கு உண்டு, மன்னிக்கவும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைக்காக எல்லாத் தலைவர்களும் மேடையில் இழுப்பார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறித்தவை. குடத்தில் ஓலையிட்ட கதையோடு பேச்சை முடித்துக்கொள்வார்கள். அதே கல்வெட்டில் இருக்கும் இன்னொரு விதியை இவர்கள் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரை ஓலையில் எழுதக்கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர் பெயர்களையும் எழுதக்கூடாது என்று வரிசையாக உறவுமுறைகளைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். மைத்துனர் வழி தெரிந்தவர்கள்தான் எழுதியிருக்க வேண்டும்.

தணிக்கை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை வருகிறது, ஒவ்வோர் ஆண்டுக்கும் தணிக்கைத் தடைகள், அதாவது ஆட்சேபங்கள், எழுதுகிறது. செய்த வேலையின் அளவை எழுதும் அளவுப் புத்தகத்தில் அடித்தல் திருத்தல், வசூலித்த பணத்தைத் தாமதமாக வங்கியில் செலுத்தியது, கடை வாடகையைத் திருத்தியமைக்காததால் இழப்பு என்று நுணுக்கமாகவே எழுதுவார்கள். அந்த அறிக்கை நல்ல ஆவணம். கேடு எங்கே என்றால், அது மன்றத்துக்கு வந்து சேரும்போது அந்த ஆணையர் மாறியிருப்பார், பொறியாளர் மாறியிருப்பார், சில நேரம் மன்றமே மாறியிருக்கும். 2016 அக்டோபரில் எங்கள் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-இல். நடுவில் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்நாட்டின் எந்த நகராட்சியிலும் மன்றம் இல்லை. அரசு நியமித்த தனி அலுவலர்தான் மன்றம். தானே பொருள் வைத்து, தானே தீர்மானம் போட்டு, தானே செலவு செய்தார். அந்தக் காலத்தின் தடைகளுக்கு 2022-இல் வந்த நாங்கள் பதில் எழுத வேண்டியிருந்தது. என்னவென்று எழுதுவது? 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்று எழுதினோம்.

இங்கிலாந்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுதோறும் 30 வேலை நாட்கள், உள்ளாட்சியின் கணக்குப் புத்தகங்களையும் செலவுச் சீட்டுகளையும் ஊர் மக்கள் நேரில் வந்து பார்க்கலாம். வாக்காளர் எவரும் தணிக்கையாளரிடம் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். அத்தனையும் இருந்தும் 2023-இல் பர்மிங்காம் மாநகராட்சி கையில் பணமில்லை என்று கைவிரித்தது, அது வேறு கதை. நம் நாட்டிலேயே ராஜஸ்தானின் கோட்கிரானா கிராமத்தில் 1994-இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழவர், தொழிலாளர் அமைப்பினர் ஊரைக் கூட்டி வேலைப் பதிவேட்டை உரக்க வாசித்தார்கள். வாசிக்க வாசிக்கத்தான் யார் பெயரில் யார் கூலி வாங்கினார்கள் என்று ஊருக்குத் தெரிந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் அந்த வழியில்தான் வந்தது. அதற்கென மாநிலச் சட்டம் இயற்றியதில் தமிழ்நாடு எல்லோருக்கும் முந்திக்கொண்டது, 1997-இல். என்ன, அந்த மாநிலச் சட்டத்தில் கொடுக்கக்கூடாதவற்றின் பட்டியல் கொடுக்க வேண்டியவற்றைவிட நீளமாக இருந்தது.

கணக்கைக் காட்டினால் நகராட்சிக்கு என்ன லாபம் என்று அதிகாரிகள் என்னைக் கேட்பதுண்டு. ஆலந்தூரைச் சொல்வேன். இன்று சென்னை மாநகராட்சிக்குள் இருக்கும் ஆலந்தூர் 2011 வரை தனி நகராட்சி. 1996-இல் ஆர்.எஸ். பாரதி தலைவராக வந்தபோது பாதாளச் சாக்கடை கிடையாது, அதற்கான பணமும் கிடையாது. வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிகக் கட்டடத்துக்கு 10,000 ரூபாய் முன்கூட்டியே வைப்புத் தொகை கட்டச் சொன்னார்கள். ஒரு குழிகூடத் தோண்டாத நிலையில், அந்தக் காலத்து 5,000. எந்தப் பைத்தியக்காரன் கட்டுவான்? கட்டினார்கள். குடியிருப்போர் நலச் சங்கங்களோடு தெருத்தெருவாகக் கூட்டம் போட்டு, திட்டத்துக்கு எவ்வளவு ஆகும், கடன் எவ்வளவு, உங்கள் பங்கு எவ்வளவு, மாதம் என்ன கட்டணம் வரும் என்று சொன்னார்கள். கட்டிய பணத்தைத் தனியாக வைத்தார்கள். மற்றக் கட்சிக்காரர்களும் அதை எதிர்த்துக் கொடி பிடிக்கவில்லை. சாக்கடை வந்தது. பல நாட்டு அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்கள் ஆலந்தூரைப் பார்த்து வைப்புத் தொகை வாங்குவதை மட்டும் கற்றுக்கொண்டன. தெருக்கூட்டத்தை விட்டுவிட்டன. எங்கள் ஊர் அவற்றில் ஒன்று. அந்தத் தொகையும் கலந்து கிடந்த இருப்பில்தான் நம்முடையது எவ்வளவு என்று அக்கா கேட்டார்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. கிராமத்தில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை; அங்கே ஊராட்சியின் வரவு செலவை வாசித்தே ஆக வேண்டும். நகரத்தானுக்கு அப்படி எதுவும் இல்லாமல் இருந்தது. 2022-இல் வார்டு குழுவுக்கும், வார்டைப் பகுதிகளாகப் பிரித்து மக்களைக் கூட்டும் பகுதி சபாவுக்கும் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி முதல் பகுதி சபாக்கள் நடந்தன, முதலமைச்சரே தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த ஒன்றில் உட்கார்ந்தார். நம் வார்டில் நான் கூட்டியபோது வந்தவர்கள் முப்பது பேர் இருக்கும். தெருநாய், சாக்கடை அடைப்பு, முதியோர் உதவித்தொகை என்று மனுக்கள் கொடுத்துவிட்டுப் போனார்கள். கணக்குக் கேட்டு ஒரு மனுகூட இல்லை. நீங்களும் வரவில்லை.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவதென்றால் 'கடந்த பத்து ஆண்டு வரவு செலவு முழுவதும்' என்று கேட்காதீர்கள். ஆத்திரத்தில் கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்டால் ஆயிரம் பக்கத்துக்கு நகல் கட்டணம் கட்டச் சொல்வார்கள், அல்லது நேரில் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, சின்னதாகக் கேளுங்கள். சென்ற மார்ச் 31-ஆம் தேதியில் நகராட்சி கொடுக்க வேண்டிய பாக்கிகளின் பட்டியல். அதே தேதியின் வங்கி இருப்பில் வைப்புத் தொகைகள் எவ்வளவு. கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியலின் சுருக்கம். நிலுவையில் முதல் ஐம்பது கட்டடங்கள். மொத்தம் ஏழெட்டுப் பக்கத்தைத் தாண்டாது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு, அதற்கும் வராவிட்டால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

சாலையைப் பொறுத்தவரை இன்னொன்று. அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவைப் பாருங்கள். நடக்கும் வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்தும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் குடிமகனுக்கு அதில் உரிமை இருக்கிறது. மதிப்பீட்டில் எழுதிய கனமும் தெருவில் போட்ட கனமும் ஒன்றுதானா என்று பார்க்கக் கோப்பு தேவையில்லை, ஓர் அளவுகோல் போதும். ஆனால் மதிப்பீட்டின் நகல் கையில் இருந்தால்தான் அளந்ததை எதனோடு ஒப்பிடுவது என்று தெரியும். பொறியாளர் பிரிவில் கேளுங்கள். தர மறுத்தால் எந்தத் தேதியில், எந்த மேசையில் மறுத்தார்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள்.

உங்கள் தெருவின் சாலை இந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறது. மதிப்பீடு போட்டாயிற்று, நிர்வாக அனுமதி வரவில்லை. எந்தத் திட்டத்தின் பணம் என்று அஜெண்டாவில் எழுதியிருந்த இடத்தில் 'பொது நிதி' என்று மட்டும் இருந்தது. பொது நிதியில் பாக்கி போக எவ்வளவு இருக்கிறது என்று சென்ற கூட்டத்தில் எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன். அதே கேள்வியை அடுத்த பகுதி சபாவில் நீங்களும் எழுதிக் கொடுங்கள். இரண்டு தாளும் ஒரே மேசைக்குப் போகட்டும்.